மேயரை நான் போகவிடாத பிற்பகல்

1. பதினொரு வாக்கு

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு தேர்தல் அதிகாரியான ரிட்டர்னிங் ஆபிசர் எங்களை மேசைக்கு அழைத்து முடிவைக் காட்டினார். பதினொரு வாக்கால் தோற்றிருந்தோம். நான் ரீகவுண்ட் கேட்டேன். கட்டுகளைப் பிரித்து மறுபடி எண்ணினார்கள். அதே பதினொன்று. எங்கள் வேட்பாளர் சிவநேசன், வென்றவருக்குக் கை கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சரி அண்ணை, வாங்கோ தேத்தண்ணி குடிப்பம்."

நான் கணக்கெழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

தேர்தல் வேலைக்கு வர நினைக்கும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் தேர்தல் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்தவன் நான். வாக்காளர் பதிவு, போஸ்டல் வோட், போலிங் ஸ்டேஷனுக்குப் பெட்டி அனுப்புவது எல்லாம் என் கையால் நடந்தவை. பென்ஷன் எடுத்து அதே கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட் வீட்டில் சும்மா இருந்தபோதுதான் சிவநேசன் தனக்கு எலெக்ஷன் ஏஜென்டாக வரும்படி கேட்டார்.

அவர் லண்டனிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் ஓடவேண்டிய ஒரு சின்ன டவுனில் பார்மசி வைத்திருப்பவர். அந்த வருடம் அந்த டவுனின் மேயரும் அவர்தான். மேயர் என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். டவுன் கவுன்சிலின் அதிகாரம் பூச்சட்டி, பார்க் பெஞ்சு, சந்தை நாள், இவ்வளவோடு சரி. பஸ்ஸும் ரோட்டும் முதியோர் பராமரிப்பும் கவுன்டி கவுன்சிலின் கையில். சுற்றுக் கிராமங்களுக்கு ஓடும் ஒரே பஸ்ஸைக் கவுன்டி நிறுத்தப்போகிறது என்று தெரிந்துதான் அவர் கவுன்டி கவுன்சிலுக்குச் சுயேச்சையாகப் போட்டியிட்டார்.

அந்த பஸ்ஸை நம்பி இருந்தவர்களில் முதல் ஆள் வெண்டி. எழுபத்தாறு வயது, கார் ஓட்டத் தெரியாது. கணவர் மறதி நோயோடு பக்கத்து ஊர் கேர் ஹோமில் இருந்தார். வெண்டி தினமும் பத்தரை பஸ்ஸில் போய் அவருக்கு மதியச் சாப்பாட்டை ஊட்டிவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்புவார். வேறு ஆள் கொடுத்தால் அவர் வாய் திறக்கமாட்டாராம். எங்கள் நாமினேஷன் பேப்பரில் முதல் கையெழுத்து வெண்டியுடையது.

2. விழா

வாக்கெடுப்பு வியாழக்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு வெண்டி கிராம மண்டபத்தில் பஸ்ஸைப் பற்றி ஒரு கூட்டம் வைத்து இரண்டு வேட்பாளர்களையும் அழைத்தார். அதே சனிக்கிழமை மதியம் லண்டன் ஈஸ்ட் ஹாமில், நாங்கள் பிறந்த ஊரின் சங்கம் மேயருக்குப் பாராட்டு விழா வைத்தது. வெல்வதற்கு முன்னரே மாலை போடும் அவசரம் எங்களவர்களுக்கு எப்போதும் உண்டு. முந்நூறு பேர் வந்தார்கள். அதில் ஒருவருக்குக்கூட அந்தக் கவுன்டியில் வாக்கு இல்லை. இது எனக்குத் தெரியாதா? வாக்காளர் பட்டியலோடு இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவன்.

சிவநேசனுக்கு வர மனமில்லை. கூட்டம்தான் முக்கியம், லண்டனை விடுவோம் என்றார். நான்தான், மறுத்தால் மரியாதை இல்லை, இரண்டரைக்கு உங்களை வெளியே எடுப்பது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். வெண்டியும் எனக்கு போன் பண்ணி, நேரம் இடிக்குமென்றால் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாமா என்று கேட்டார். தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டதை சிவநேசனிடம் சொல்லவும் இல்லை.

மேயர் பதவிக்குரிய தங்கச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வரமுடியுமா என்று சங்கத்தார் கேட்டார்கள். தேர்தல் காலத்தில் அது கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். விதியில் ஒரு பிழை வராமல் பார்த்துக்கொண்டேன். அதில் எனக்குப் பெரிய பெருமை வேறு.

பன்னிரண்டு மணி விழா ஒன்றரைக்குத் தொடங்கியது. விளக்கேற்றல், வரவேற்பு நடனம், தலைவர் உரை, செயலாளர் உரை. மூன்று மணிக்கு சிவநேசன் மேடையிலிருந்து இறங்கி என்னிடமே வந்துவிட்டார்.

"அண்ணை, மூண்டு மணியாகுது. வெளிக்கிடுவம்."

"இன்னும் பத்து நிமிஷம். இப்ப எழும்பினா இவையை அவமதிச்ச மாதிரிப் போயிடும்."

அவர் என்னை நம்பித் திரும்பிப் போய் உட்கார்ந்தார். சங்கத்தார் ஒன்றும் நினைத்திருக்கமாட்டார்கள். வழியனுப்பக் கைதட்டியிருப்பார்கள். உண்மை என்னவென்றால், நிகழ்ச்சி நிரலில் அடுத்தபடியாக என் பெயர் இருந்தது. மேயரின் கையால் எனக்குப் பொன்னாடை. வேலை செய்த காலமெல்லாம் மேசைக்குப் பின்னால் இருந்தவன். கவுன்சிலர்கள் வென்று படம் எடுக்கும்போது அந்தப் படத்தில் நான் ஒருநாளும் இல்லை. அந்த ஒரு தடவை நிற்க ஆசைப்பட்டேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

பத்து நிமிடம் ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது. நாலேகாலுக்குப் புறப்பட்டோம். மோட்டார்வேயில் ஏதோ விபத்து, கார்கள் நகரவில்லை. சிவநேசன் வெண்டிக்கு மூன்று தரம் எடுத்துப் பார்த்தார். வெண்டி கூட்டத்தில் இருந்ததால் போனை நிறுத்தியிருந்தார்.

3. மண்டபம்

ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெளியே நல்ல வெயில். கூட்டம் முடிந்து வெண்டி கோப்பைகளைக் கழுவிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தவர் எதிர் வேட்பாளர், ஒரு பண்ணைக்காரர். நாற்பது பேர் வந்திருந்தார்களாம். யாரோ போனில் எங்கள் விழாப் படத்தைப் பார்த்து எல்லாருக்கும் காட்டியிருக்கிறார்கள். வெண்டி கோபிக்கவில்லை. லண்டனில் நிகழ்ச்சி நன்றாக நடந்ததா என்று மட்டும் விசாரித்தார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

பதினொரு வாக்கு என்றால் ஆறு பேர் மனம் மாறியிருந்தால் போதும். அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் நாற்பது பேர். இந்தக் கணக்கைப் போடாமல் எனக்கு ஒரு நாளும் விடிவதில்லை.

பண்ணைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் கட்சிக்காரர். கவுன்டி வாக்கெடுப்பில் கட்சி சொன்னபடி கை உயர்த்தினார், அந்த இலையுதிர்காலத்தில் பஸ் நின்றது. இப்போது செவ்வாயும் சனியும் சிவநேசன் பார்மசியை உதவியாளரிடம் விட்டுவிட்டு வெண்டியைத் தன் காரில் கூட்டிப்போகிறார். மற்ற நாட்களில் அவர் கணவர் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். ஆள் பாதியாகிவிட்டார் என்று சிவநேசன் சொன்னார்.

போன வாரம் சிவநேசன் போன் எடுத்தார். அடுத்த முறையும் நிற்கப்போகிறாராம், நான்தான் ஏஜென்டாக வரவேண்டுமாம். முழங்கால் வலி என்று சாட்டுச் சொன்னேன்.

"அண்டைக்கு அந்தச் சங்கத்துக்காரரிட்ட மாட்டுப்பட்டுப் போனம். உங்களில ஒரு பிழையும் இல்லை அண்ணை" என்றார்.

"ஓம், அவையள் விடேல்லைத்தானே" என்றேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். படிவங்களைப் பழகிக்கொள்ளலாம், விதிகளைப் பாடமாக்கலாம். வேட்பாளரின் நேரத்தில் உங்களுக்கென்று ஒரு நிமிடமும் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, இப்போது அச்சில் சொல்லவேண்டியிருக்கிறது.

நேசன், உங்களை அன்று போகவிடாமல் வைத்திருந்தது சங்கம் இல்லை. நான்தான்.