ஏழாவது கேள்வி: வீட்டில் பேசும் மொழி

திண்டிவனத்துக்கு வெளியே உள்ள ஓர் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு, முனைவர் பட்ட ஆய்வுக்காக ஓராண்டுக்கும் மேலாகப் போய்வந்தேன். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துவது என் வேலை. எனக்கு வகுப்பு இல்லாத நாள்களில் பள்ளிக்குப் போவேன். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் இன்னொரு மொழியும் கேட்டு வளரும் பிள்ளைகள் எப்படிப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது ஆய்வின் தலைப்பு. இந்தப் பக்கத்தில் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பங்கள் உண்டு. உருது பேசும் தெருக்களும் உண்டு. பிள்ளைகளைத் தேடி அலைய வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

பெற்றோருக்கான படிவத்தில் பதினொரு கேள்விகள். ஏழாவது, 'வீட்டில் பேசும் மொழி எது?' மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பி ஒரு வாரம் கழித்து வாங்கிக்கொண்டேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் சமயம். சில படிவங்களில் செம்மண் விரல்தடம் இருந்தது. ஏழாவது கேள்விக்கு எல்லாப் படிவங்களிலும் ஒரே பதில்: தமிழ்.

தலைமையாசிரியையிடம் காட்டினேன். அவருக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை.

"நான் இங்க வந்து பத்து வருஷம் ஆச்சு. எல்லாப் பசங்களும் தமிழ்தான் பேசுது. நீங்க எதைத் தேடுறீங்கன்னு எனக்குப் புரியலை மேடம்."

என் நெறியாளருக்குப் புரிந்தது. அதனால் அவர் சொன்னது இன்னும் கடுமையாக இருந்தது. "எல்லாரும் தமிழ்னா உனக்கு ஆய்வே இல்லையேம்மா. ஒண்ணு ஸ்கூலை மாத்து, இல்லை தலைப்பை மாத்து."

எதை மாற்றுவது என்று தெரியாமல் இருந்த நாள்களில் ஒரு மாலை, திண்டிவனத்தில் விழுப்புரம் பேருந்தில் ஏறினேன். என் வீடு விழுப்புரத்தில். எனக்கு முன்னிருக்கையில் ஒரு பெண்ணும் அவர் மகளும். மகள் நான்காம் வகுப்பு, என் பட்டியலில் இருப்பவள். அம்மாவையும் எனக்கு நினைவிருந்தது. படிவத்தை மகளிடம் கொடுத்தனுப்பாமல் தானே பள்ளிக்குக் கொண்டுவந்து, என் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை.

பேருந்து ஊரைத் தாண்டியதும் சிறுமி அம்மாவிடம் 'நீள்ளு' கேட்டாள். தண்ணீர். அம்மா பையில் துழாவிக்கொண்டே அதே மொழியில் அவளைக் கடிந்துகொண்டார். பள்ளியிலேயே குடித்துவிட்டு வரக் கூடாதா, பாட்டிலில் ஒரு வாய்தான் மிச்சமிருக்கிறது என்று. எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. என் வீட்டில் பேசுவதும் அதுதான். தெலுங்கு என்று சொல்லிக்கொள்வோம். பாதிக்குப் பாதி தமிழ் கலந்தது. எங்களில் யாருக்கும் அதை எழுதவோ படிக்கவோ தெரியாது.

பாட்டிலை எடுக்கத் திரும்பியபோது அவர் என்னைப் பார்த்துவிட்டார். பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் மீதி தமிழில் வந்தது.

"டீச்சர், நீங்களா. எங்கம்மா வீடு கெடார் பக்கம். அங்கதான் போய்க்கினு இருக்கோம்."

மகளிடம் பாட்டிலைக் கொடுத்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டேரிப்பட்டில் தன் பக்கத்தில் இருந்தவர் இறங்கியதும் என்னை அங்கே வந்து உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்ததும், "கேட்டுட்டீங்க இல்ல?" என்றார்.

எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் என்று அவருடைய மொழியில் சொன்னேன். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என்னை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பதில் சொன்னார்.

"அந்தக் காகிதத்துல வேற பாஷைன்னு எழுதினா என்னா ஆவும் டீச்சர்?"

"ஒண்ணும் ஆவாதுக்கா. ஆராய்ச்சிக்கு மட்டும்தான்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. எங்க மாமனாரோட தாத்தா காலத்துல இருந்து இதே நெலத்துல பயிர் வச்சிக்கினு இருக்கோம். ஒரு வாய்க்கா தகராறுன்னு வந்தா போதும், நீங்கல்லாம் எங்கேருந்தோ வந்தவங்கதானேன்னு ஒருத்தன் சொல்லிடறான். அதை நானே எதுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்?"

அவரே மறுபடி கேட்டார்.

"உங்களைப் பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப உங்க அப்பா என்னா எழுதினாரு?"

"தமிழ்னுதான் எழுதினாரு."

"அப்பறம் என்னை மட்டும் கேக்கறீங்களே."

அதில் கோபமில்லை. சிறுமி எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பேருந்து நின்றபோது எனக்குக் கொஞ்சம் வறுத்த மல்லாட்டை கொடுத்தார். விழுப்புரம் வரும்வரை விலைவாசி, மழை என்று பேசிக்கொண்டு வந்தோம். எல்லாம் தமிழில்.

நெறியாளரிடம் நடந்ததைச் சொன்னேன், யார் என்று சொல்லவில்லை. அவர் உற்சாகமாகிவிட்டார். "உனக்கே உண்மை தெரியுதே, அந்தப் பதிலைத் திருத்திடு. ஒரு ஆள் இருந்தா பத்துப் பேர் இருப்பாங்க."

திருத்துவது எளிது. அட்டவணையில் ஒரு கட்டத்தில் உள்ள ஒரு சொல்லை மாற்றினால் போதும். ஆனால் அந்தப் பெண் எனக்குக் கொடுத்த பதில் தமிழ் என்பது. மற்றது பேருந்தில் என் காதில் விழுந்தது. காதில் விழுந்ததை எடுத்துக்கொள்ள அவரிடம் நான் ஒப்புதல் வாங்கவில்லை. திருத்த மாட்டேன் என்றேன். நெறியாளர் தோளைக் குலுக்கிவிட்டு, அப்படியானால் வேறு வழி கண்டுபிடி என்றார்.

கேள்வியில்தான் தவறு என்று எனக்குத் தோன்றியது. மொழியின் பெயரைக் கேட்டால் எல்லாரும் பாதுகாப்பான பெயரைச் சொல்கிறார்கள். பெயரே கேட்காமல் கேட்க வேண்டும். பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டம் நடந்த அன்று, தலைமையாசிரியையிடம் அரைமணி நேரம் வாங்கிக்கொண்டு அம்மாக்களோடு தரையில் உட்கார்ந்தேன். பெயருக்குப் பதில் ஓர் எண் போட்டுத்தான் குறித்துக்கொள்வேன், சொல்ல விருப்பமில்லாதவர்கள் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். பிறகு கேட்டேன்: பிள்ளை சோறு சிந்தினால் என்ன சொல்லித் திட்டுவீர்கள்? மாட்டை எப்படி அதட்டுவீர்கள்? காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் எப்படிப் பேசுவீர்கள்?

முதலில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே ஓர் அம்மா ஆரம்பித்துவைத்தார்.

"திட்டறதுன்னா எங்க உருதுதான் மேடம் ஜல்தியா வரும். தமிழ்ல யோசிக்கணும். யோசிச்சா கோவம் போயிடும்."

அவ்வளவுதான். அதன்பின் என்னால் எழுதி மாளவில்லை. மாட்டைத் தமிழில் அதட்டி, மாமியாரிடம் தெலுங்கில் பேசுகிறவர்கள் இருந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் தன் அம்மாவின் பேச்சு வந்துவிடுகிறது என்று ஒருவர் சொன்னார். தலைமையாசிரியை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இவங்க பசங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்று பிறகு என்னிடம் சொன்னார். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பேருந்தில் வந்த பெண்ணும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர் முறை வந்ததும் முகத்தை மாற்றாமல், "நான் தமிழ்லதான் திட்டுவேன்" என்றார். பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் தமிழ் என்றே குறித்துக்கொண்டேன். அவர் நான் குறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளுக்கு நான் வைத்த சோதனையில் படக்கதை ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் கட்டியிருந்த மாலையை ஆடு தின்றுவிடும் கதை. படங்களைப் பார்த்துத் தங்கள் சொற்களில் சொல்ல வேண்டும், பிறகு எழுத வேண்டும். அவருடைய மகள்தான் அந்த வகுப்பிலேயே நன்றாகச் சொன்னாள். படத்தில் இல்லாத ஒரு சமையல்காரரைக் கொண்டுவந்து அவரை விட்டு ஆட்டைத் துரத்தினாள். எழுத்திலும் பிழை குறைவு. வீட்டு மொழி வேறாக உள்ள பிள்ளைகள் எழுத்தில் பின்தங்குவார்கள் என்று என் முன்வரைவில் எழுதியிருந்தேன். சிலர் பின்தங்கியிருந்தார்கள், சிலர் இல்லை. அந்த 'இல்லை'யின் பக்கம் சேர வேண்டிய சிறுமி, என் அட்டவணையில் தமிழ் வீட்டுப் பிள்ளையாக இருக்கிறாள். அந்த வரிசை தவறு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே விட்டிருக்கிறேன்.

ஆய்வேட்டில் ஆய்வாளரின் பின்னணி என்று அரைப்பக்கம் எழுதும் வழக்கம் உண்டு. முதல் வரைவில் நானும் தாய்மொழி தமிழ் என்றே எழுதியிருந்தேன், யோசிக்காமல். கடைசி வரைவில் மாற்றினேன். மாற்றுவதற்கு முன் அப்பாவிடம் சொன்னேன். வீட்டில் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். வெளியாள் யாராவது இருந்தால் அப்பா.

"அதையெல்லாம் எதுக்கு எழுதற?" என்றார். "பட்டம் குடுக்கறவனுக்கு அது தேவையா?"

"எனக்குத் தேவை நைனா."

"எழுதிக்கோ. எங்க பேரெல்லாம் போடாத."

வாய்மொழித் தேர்வு அன்று அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஆந்திராவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பேராசிரியர். சமோசாவும் தேநீரும் கொடுக்கும் நேரத்தில் நான் அவரை அப்பாவிடம் அழைத்துப் போய் அறிமுகப்படுத்தினேன். என் அரைப்பக்கத்தை அவர் படித்திருந்தார் போலும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல தெலுங்கில், தெளிவாக, என்னைப் பாராட்டி ஏதோ சொன்னார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "ரொம்பச் சந்தோஷங்க, உங்க ஆசீர்வாதம்" என்று தமிழில் சொன்னார். பேராசிரியர் இன்னொரு முறை முயன்றார். அப்போதும் தமிழ்தான் வந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது ஏன் என்று கேட்டேன்.

"அவர் பேசறது எல்லாம் புரிஞ்சுது. அவ்ளோ சுத்தமாப் பேசறாரு. நம்ம பேச்சை எடுத்தா, இது என்னா பாஷைன்னு கேட்டுடுவாரோன்னு இருந்துது" என்றார். இதை அவர் எங்கள் பேச்சில் சொன்னார். முன்னிருக்கையில் இருந்த ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவில்லை.