சிவப்புச் சரிவைத் தேடி மேல்மலைக்கு

போன ஐப்பசியில் நான் கொடைக்கானல் போனது ஏரியைச் சுற்றிப் பார்க்க அல்ல. என் மடிக்கணினியில் சிவப்பாகத் தெரிந்த ஒரு மலைச்சரிவை நேரில் பார்க்கப் போனேன். கோயம்புத்தூரில் ஒரு நில அளவை நிறுவனத்தில் எனக்கு வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் செயற்கைக்கோள் ரேடார் படங்களோடுதான் பொழுது போகும். என் கணவர் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'வானத்து சீரியல்'.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் படத்துக்கு வெயில் வேண்டும். ரேடாருக்கு அது வேண்டாம். செயற்கைக்கோள் தானே அலையை அனுப்பி, மலையில் பட்டுத் திரும்புவதைப் பிடித்துக்கொள்கிறது. இருட்டும் மேகமும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரே இடத்தை வெவ்வேறு நாட்களில் எடுத்த படங்களை மென்பொருளில் சேர்த்து ஒப்பிட்டால், இடையில் நிலம் விரற்கடை அளவு நகர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். வேலை நடக்கும்போது திரை முழுவதும் வானவில் பட்டைகள் நெளியும். நான் பல தடவை வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் கல்லூரித் தோழி ஸ்டெல்லா, பூம்பாறைக்கு அப்பால் ஒரு மேல்மலைக் கிராமத்தில் டீச்சராக இருக்கிறாள். ஊர் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. ஒரு மழைக்குப் பிறகு அங்கே பாதையோரம் மண் சரிந்திருக்கிறது. "எங்க ஊரையும் உன் படத்துல கொஞ்சம் பாருடி" என்றாள். பார்த்தேன். ஊருக்கு எதிர்ச்சரிவு முழுக்கச் சிவப்பாக வந்தது, அதாவது நகர்கிறது. உடனே அவளுக்கு அனுப்பிவிட்டேன். அவள் ஊர்த்தலைவரிடம் காட்ட, அந்தச் சரிவில் இருந்த ஐந்து குடும்பங்களையும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குள் வரச் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதும் ஆபீஸில் லீவு எழுதிக் கொடுத்தேன். ஐந்து குடும்பம் என் படத்தை நம்பி இடம் மாறியிருக்கிறது, நானோ அந்த மண்ணை மிதித்ததுகூட இல்லை.

பழனி வரை பஸ், அங்கிருந்து கொடைக்கானலுக்கு இன்னொரு பஸ். பழனியிலிருந்து சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஜன்னலோர இடம் கிடைத்தால் விடாதீர்கள். ரேடார் படத்தில் மலைகள் எல்லாம் செயற்கைக்கோளைப் பார்த்துச் சாய்ந்தே நிற்கும். அதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நிமிர்ந்து நிற்கும் நிஜ மலை விநோதமாக இருந்தது. பாதி மலை ஏறியதும் மேகம் பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. முன்சீட்டுப் பெண்ணின் கனகாம்பரம் மட்டும்தான் தெரிந்தது. செயற்கைக்கோளுக்கு ஒரு பொருட்டாக இல்லாத மேகம், என் கண்ணை ஒரேயடியாகக் கட்டிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

இரவு கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் ஒரு சின்ன அறை, ஆயிரத்து இருநூறு ரூபாய். காலையில் போக வர ஜீப் இரண்டாயிரத்து ஐந்நூறு. ஓட்டியவர் பெயர் ஜான்சன்.

"வியூ பாயிண்ட், பைன் ஃபாரஸ்ட் எதுவும் வேணாமா மேடம்?"

"வேண்டாம்ணே. ஒரு சரிவைத்தான் பார்க்கணும்."

"சரிவா? இங்க எந்தப் பக்கம் திரும்புனாலும் சரிவுதானுங்க" என்று சிரித்தார்.

ஸ்டெல்லா சாலையிலேயே நின்றிருந்தாள். என்னை நேராகச் சமுதாயக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். ஐந்து குடும்பமும் அங்கேதான் தங்கியிருந்தது. கான்கிரீட் கூரை, பெரிய ஹால், மூலையில் பூண்டு மூட்டைகள். அவர்களில் ஒருவரான பாண்டியம்மா கதவைத் தோளால் முட்டித் தூக்கிச் சாத்தினார்.

"வாங்க தாயி. படம் போட்டது நீங்கதானா? வந்தன்னிக்கு இந்தக் கதவு நல்லாத்தான் சாத்துச்சு. இப்ப இப்புடி மல்லுக்கட்ட வேண்டிக் கெடக்கு. எங்க வீட்டுக் கதவு ஒரு விரலால தள்ளுனாப் போதும்."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிவப்புச் சரிவைப் பார்க்கும் அவசரம். மஞ்சு மூட்டத்துக்குள் அந்தப் பக்கம் ஏறினோம். பூண்டு வயல்களின் கல்வரப்புகள் நேராக இருந்தன. மின்கம்பம் நிமிர்ந்து நின்றது. வீட்டுச் சுவர்களில் ஒரு கீறல் இல்லை. எல்லாம் பால் கலந்த தண்ணீருக்குள் அமைதியாக இருப்பது போல இருந்தன. இங்கே எதுவும் நகரவில்லை என்று உடம்புக்கே தெரிந்தது. ஆனால் படம்?

திரும்பி வரும்போதுதான் கூடத்தின் பின்சுவரைப் பார்த்தேன். அடியிலிருந்து மேல் வரை ஒரு விரிசல், என் சுண்டுவிரல் நுழைந்தது. அப்போதுதான் பாண்டியம்மா சொன்ன கதவு நினைவுக்கு வந்தது.

இந்த வேலையில் ஒரு விஷயம் உண்டு. 'இது அசையாது' என்று ஒரு புள்ளியை நாம்தான் மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். மற்ற எல்லா அசைவையும் அது அந்தப் புள்ளியை வைத்துத்தான் கணக்கிடும். என் பழைய கணினி திணறுகிறதே என்று ஊரை மட்டும் சின்னதாக வெட்டி எடுத்து, அதில் பளிச்சென்று தெரிந்த ஒரு கூரையில் புள்ளியை வைத்திருந்தேன். அது இந்தக் கூடத்தின் கூரை. ஓடும் ரயிலில் இருப்பவருக்கு நிற்கும் ரயில் நகர்வது போலத் தெரியுமே, அதேதான். இந்தப் பக்கம் அமிழ அமிழ, அசையாத எதிர்ச்சரிவு படத்தில் சிவந்திருக்கிறது. கெட்டியான வீட்டிலிருந்து ஆட்களைக் கிளப்பி, அமிழும் கட்டடத்துக்குள் கொண்டுவந்து போட்டிருக்கிறேன்.

ஸ்டெல்லா வீட்டில் உட்கார்ந்து, இந்தத் தடவை படத்தைப் பெரிதாக வெட்டி, தூரத்துப் பாறை ஒன்றில் புள்ளியை வைத்து மறுபடி ஓட்டினேன். வெளியே தூறல் பிடித்துவிட்டது. பட்டைகள் நெளிவதைப் பார்க்கப் பார்க்க, முதல் தடவையாக அந்த அழகு எனக்குப் பயமாக இருந்தது. சாயங்காலம் படம் வந்தது. எதிர்ச்சரிவு பச்சை, அசையவே இல்லை. கூடமும் அதன் பின்னால் இருந்த மேடும் நல்ல நீலம், கீழே இறங்குகின்றன.

கூடத்துக்கு ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னேன். "தப்பு என் மேலதாங்க. இந்தக் கட்டடம்தான் இறங்குது. இன்னிக்கே வெளிய வந்துடுங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. பாண்டியம்மா என்னையே பார்த்தார். "அன்னிக்கும் படம்னுதான் சொன்னீக. இன்னிக்கும் படம்னுதான் சொல்றீக. மழை வேற கட்டிக்கிட்டு வருது. எதைத்தான் நாங்க நம்புறது?"

விரிசலைக் காட்டினேன். தலையாட்டினார்களே தவிர நகரவில்லை.

"படத்தை விடுங்க தாயி" என்றார் பாண்டியம்மா. "நீங்க ராத்திரிக்கு எங்க படுப்பீக?"

"உங்க வீட்டுலதான்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

பாண்டியம்மா மகனைப் பார்த்து, "ஏலே முருகா, பாயச் சுருட்டு. வெரசா" என்றார். ஜான்சன் அண்ணனின் ஜீப்பில் ஐந்து குடும்பத்தின் மூட்டைகளும் ஏறின. காத்திருந்ததற்கு அவர் காசு கேட்கவில்லை.

அன்று இரவு பாண்டியம்மா வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டியது. பயம் இல்லை என்று சொன்னால் பொய். கண்ணை மூடினால் சரிவு சிவப்பாகத் தெரிந்தது, பிறகு பச்சையாக, பிறகு எப்போது தூங்கினேன் என்றே தெரியவில்லை. வெள்ளனே பாண்டியம்மா எழுப்பிக் கடுங்காப்பி கொடுத்தார். கதவை ஒரு விரலால் தள்ளித்தான் வெளியே போனார்.

போகிறவர்களுக்கு: மேல்மலைக்குப் பஸ் குறைவு, ஜீப்பை முந்தின நாளே பேசிவிடுங்கள். ஸ்வெட்டரோடு மழைக்கோட்டும் வேண்டும். படம் ஓட்டுகிறவர்களுக்கு: அவசரத்துக்குச் சின்னதாக வெட்டாதீர்கள். அசையாத புள்ளி என்று எதை வைக்கிறீர்களோ, அதைப் பற்றி அந்த ஊர்க்காரர் ஒருவரிடமாவது கேளுங்கள். ஒரு போன் போதும், நான் அதைச் செய்யவில்லை.

ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் ஸ்டெல்லா அழைத்தாள். மழையில் கூடத்தின் பின்சுவர் அப்படியே விழுந்துவிட்டதாம். உள்ளே யாரும் இல்லை. நான் ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாண்டியம்மா என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"பூண்டுக்குக் களை எடுக்குறாங்க" என்றாள்.