கேசினோ வாசலில் நின்றுபோன இருபது டாலர்

இன்று மதியம் ரவுண்ட் ராக் ஊரில், எங்கள் வீட்டு சோபாவில், என் கணவர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சூதாட உட்கார்ந்தார்.

ஆன்லைன் கேசினோவுக்குக் கிரிப்டோ நாணயத்தில் இருபது டாலர் அனுப்பினார். நெட்வொர்க் கட்டணமாகவே ஒன்பது டாலர் பிடித்துக்கொண்டார்கள். போய்ச் சேர்ந்த பதினொன்றைக் கேசினோ கணக்கில் ஏற்றவில்லை. குறைந்தது இருபது டாலராவது வந்தால்தான் ஆடவிடுவார்களாம்.

"திருப்பிக் கேளுங்க," என்றேன்.

"கேட்டேன். அதுக்கும் ஒன்பது டாலர் ஃபீஸாம்."

"மீதி ரெண்டு டாலர் வருமில்ல?"

"அவ்ளோ சின்ன அமவுண்ட்டெல்லாம் ட்ரான்ஸ்ஃபர் பண்ண மாட்டாங்களாம். இன்னொரு இருபது போட்டுப் பார்க்கவா?"

என் முகத்தைப் பார்த்தவர், போனிலிருந்து கேசினோ ஆப்பை அழித்துவிட்டு மோர் கேட்டார்.

ஒரு ஆட்டம்கூட ஆடாமல் சூதில் தோற்றவர்கள் உங்கள் வீட்டிலும் உண்டா? இவருக்குத் துணை வேண்டுமாம்.