காலித் தறிக்குச் சொன்ன ஸ்தோத்திரம்

"எந்தப் பாவுக்கு ஸ்தோத்திரம் சொன்ன, டீச்சரம்மா? நீ இந்த வூட்லதான் கீறியா?"

குடும்ப ஜெபம் முடிந்து அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி இப்படிக் கேட்டாள். கோபமில்லை. என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளுக்கு உண்மையாகவே சந்தேகம் வந்திருந்தது.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அப்பா இறந்தபின் தறி அண்ணன் கைக்கு வந்தது. ஜெபம் என் கைக்கு வந்தது. வேதாகமத்தை வாசிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தானே. மிஷன் ஹாஸ்டலில் கற்ற தமிழில் தங்குதடையில்லாமல் ஜெபிப்பேன். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டதுண்டு.

அந்த ஜெபத்தில் ஒரு வரி தவறாமல் வரும்: "தறியில் ஏறியிருக்கும் பாவுக்காக உமக்கு ஸ்தோத்திரம்." பட்டுப் பாவை, அதாவது சேலைக்கான நீள இழைகளை, முதலாளி கொடுப்பார். ஒரு பாவு சேலைகளாக நெய்து முடிந்ததும் அடுத்ததை வாங்கி வந்து, அதன் இழைகளைத் தறியில் விட்டுவைத்த பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்தால் தறி மறுபடி ஓடும். அந்த வருஷம் பட்டு விலை ஏறியதால் முதலாளி பாவு தருவதை நிறுத்திவிட்டார். பழைய இழைகளின் முனைகள் மட்டும் தறியில் தொங்கிக்கொண்டிருந்தன. அதன் பக்கத்தில் முழங்காலிட்டுத்தான் நான் பாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லியிருந்தேன். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கு முந்தைய நாட்களிலும்.

"வாய்க்குப் பழகிப்போச்சு அண்ணி."

"அதத்தான் நானும் சொல்றேன். வாய்க்கு எல்லாம் தெரிஞ்சிகீது. உனக்கு ஒண்ணும் தெரியல. உங்கண்ணன் காலைல எங்க போறாரு, சொல்லு?"

பாவு கேட்கப் போகிறார் என்று நினைத்திருந்தேன். அண்ணி சொல்லித்தான் தெரிந்தது, அவர் களம்பூரில் ஒரு அரிசி ஆலையில் நெல் மூட்டை தூக்கவும் உமி அள்ளவும் போய்க்கொண்டிருந்தார்.

"ராத்திரி எல்லாம் இருமிகினே கீறாரு" என்றாள் அண்ணி.

அந்த இருமலை நானும் கேட்டிருந்தேன். படிப்புக்கு இடைஞ்சல் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

நான் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. ஞாயிறு ஆராதனை தவறியதில்லை. உள்ளே எல்லாம் ஆறிப்போயிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ஜெபத்தில் திக்கித் திணறியிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். எனக்கோ வார்த்தைகளுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

மறுநாள் மாலை, ஜெபத்துக்கு முன், "எதுக்காக ஜெபம் பண்ணணும்?" என்று கேட்டேன்.

அண்ணன் சிரித்தார். "இன்னா, ஓட்டலா இது? இன்னா வேணும்னு கேட்டுகினு நிக்கிற?"

"சொல்லுண்ணா."

"முதுகு வலிக்குது. இதையெல்லாம் போய் ஆண்டவர்கிட்ட சொல்லுவாங்களா?"

"நீ எப்பவும் பண்றாப்பலயே பண்ணு கண்ணு. அதான் கேக்க நல்லா கீது" என்றாள் அம்மா.

தறி காலியாக இருக்கிறது. அண்ணனுக்கு முதுகு வலி, இருமல். பாவு வேண்டும். இவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் வரவில்லை. முடிந்துவிட்டதா என்று அம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு 'ஆமென்' சொன்னாள்.

அன்று என் உள்ளம் அனலாய்ப் பற்றியெரிந்தது என்று எழுத ஆசைதான். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் அதே வறட்சி. ஆனாலும் கேட்பதை விடவில்லை. இருமலுக்காக ஜெபித்தால், இருமல் எப்படி இருக்கிறது என்று மறுநாள் விசாரிக்க வேண்டியிருந்தது. விசாரித்துவிட்டுச் சும்மா இருக்கக் கூச்சமாக இருந்தது.

"எல்லாம் அந்த உமித்தூசி. மூக்குல துண்டு கட்டினா மூச்சு முட்டுதாம். மெல்லிசா ஏதாச்சும் இருந்தா தேவல" என்றாள் அண்ணி.

மெல்லிய துணி என் பெட்டியில் இருந்தது. பள்ளிக்கூடத்து வெள்ளைத் தாவணி. எங்கள் தெருவில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் மடித்து வைத்திருந்தேன். அண்ணி கத்தரிக்கோலை நீட்டிவிட்டு, "நெசமாவா?" என்றாள். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டும்படி வெட்டி, ஓரம் அடித்து, நாடா வைத்துத் தைத்தேன்.

காலையில் அண்ணன் அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். "தாவணி கட்டிகினு மூட்ட தூக்கச் சொல்றியான்னு கேக்குறாரு" என்று அண்ணி சிரித்தாள். "உடு, சாய்ங்காலம் பேசிக்கலாம்."

சாயங்காலத்துக்குள் இன்னொரு நாள் தூசி உள்ளே போய்விடும். ஆனால் ஆலை வாசலில், மூட்டை தூக்குகிறவர்கள் நடுவில் நின்று, என் அண்ணன் எங்கே என்று கேட்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அன்று சனிக்கிழமை. என்னோடு படிக்கிற பெண்கள் இரண்டு பேர் களம்பூர் வழியாகப் போகும் காலை பஸ்ஸில்தான் ஊருக்குப் போவார்கள்.

ஆணியில் இருந்த துணியை எடுத்துக்கொண்டு அந்த பஸ்ஸில் ஏறினேன். அவர்கள் எனக்குப் பின் இருக்கையில் இருந்தார்கள். கண்டக்டர் வந்தபோது, களம்பூர் ரைஸ்மில் வாசலில் இறக்கிவிடச் சொல்லி, அவர்களுக்கும் கேட்கும்படி, டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.