நத்தானியேல் பூட்டிய சக்கரங்கள்

என் வாயைத்தான் முதலில் தைத்திருக்க வேண்டும். நான் சும்மா இருந்திருந்தால் நத்தானியேல் அண்ணன் இன்றைக்கும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராகக் கோடவுனுக்குப் போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டீசலில் ஊறும் இரும்புக்குப் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் அவர் மெக்கானிக். நான் சுந்தரமூர்த்தி, அதே கம்பெனியில் ஆபீஸ் கிளார்க். அங்கே இருக்கிற இருநூறு தையல் மெஷின்களில் எது மக்கர் செய்தாலும் பெண்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதெல்லாம் கரண்ட்டில் பறக்கிற புது மெஷின்கள். அவருடைய பித்து வேறு. அந்தக் காலத்தில் தோல் தைப்பதற்கென்று கப்பலில் வந்திறங்கிய கனமான கைமெஷின்கள் இன்னும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் பழைய இரும்புக் கடைகளில் கிடக்கும். உடைத்து உருக்கப் போகிற நேரத்தில் இவர் போய் நிற்பார். பதினைந்து வருஷத்தில் ஐந்து சேர்த்தார். ஐந்தையும் ஓட வைத்தார்.

மாதனூர் வீட்டில் அவற்றுக்கு இடமில்லை. அவர் மனைவி பெர்சிஸ் வேலூரில் நர்ஸ். "கட்டிலுக்கடியிலயும் இரும்பு வந்துச்சுன்னா நான் வார்டுலயே படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். பழைய மேனேஜர் ஒருவர் மனசு வைத்து, கம்பெனிக்குப் பின்னால் சும்மா கிடந்த கோடவுனைக் கொடுத்தார். வாய்வார்த்தைதான், காகிதம் எதுவும் கிடையாது.

ஐந்தில் அவர் உயிரை வைத்திருந்தது நீளக்கை மெஷினில். அதன் கை முழங்கால் உயர பூட்ஸுக்குள்ளும் நுழைந்து தைக்கும். கடையிலிருந்து வந்தபோது துருவேறி ஒரே கட்டியாக இருந்தது. சக்கரத்தை அசைக்கவே இரண்டு வருஷம் ஆனது. டீசல் ஊற்றுவார், காத்திருப்பார். சூடான எண்ணெய் விடுவார், காத்திருப்பார். எனக்கே பொறுமை போய், "ஒரு தட்டு தட்டுங்கண்ணா, வந்துடும்" என்றேன்.

"வார்ப்பிரும்பு மூர்த்தி. தட்டினா விரிசல் வுட்டுடும். அப்புறம் எந்த வெல்டிங்கும் நிக்காது."

சக்கரம் சுற்றியது, ஆனால் உள்ளே அடிநூலைக் கொண்டுபோகிற ஷட்டில் இல்லை. அதைத் தேடி இன்னும் நாலு வருஷம். கடைசியில் மேல்விஷாரத்தில் ஜான் பாஷா கடையில், பழைய திருகாணிகள் போட்டு வைத்த ஒரு டப்பாவில் கிடைத்தது. "இத்தினூண்டு சாமானுக்கா தோஸ்த் இவ்ளோ பேஜாரு?" என்று ஜான் பாஷா சிரித்தாராம்.

போன டிசம்பரில் எருமைத் தோலை இரண்டாக மடித்து வைத்து, கையால் மெதுவாகச் சுற்றினார். தையல் ஒழுங்காக விழுந்தது. மனுஷன் அழுதுவிட்டார். நானும் என்னவோ கண்ணில் தூசி விழுந்த மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிப்ரவரியில், எங்கள் ஷூவை மொத்தமாக வாங்குகிற வெளிநாட்டு பையர் வருவதாக ஏற்பாடு. ரிசப்ஷனில் வைக்கப் பழங்காலத்துப் பொருள் ஏதாவது வேண்டும் என்று புது ஜி.எம். மீட்டிங்கில் கேட்டார். எல்லாரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் முந்திரிக்கொட்டை மாதிரி, "நம்ம மெக்கானிக்கிட்ட ஒண்ணு இருக்குது சார்" என்றேன். அவருக்குப் பெருமை கிடைக்கட்டும் என்று நினைத்துதான் சொன்னேன். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் நத்தானியேல் அண்ணன் நீளக்கை மெஷினின் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "ஓடற மெஷின் மூர்த்தி. ரெண்டு நாள்ல திருப்பிக் குடுத்துடுவாங்கல்ல?"

"நான் கியாரண்டிண்ணா."

கியாரண்டி கொடுக்க நான் யார்? லீவு லெட்டரில் சீல் குத்துகிறவன்.

பையர் வருகிறார் என்றாலே எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் சேஃப்டி ஆடிட் ஜுரம் வந்துவிடும். சுற்றுகிற சக்கரம் எதுவும் மூடி இல்லாமல் இருக்கக் கூடாது. இருந்தால் ஆர்டரே போய்விடும். சேஃப்டி ஆபீசர் கோபி நல்லவன், அதுதான் கொடுமை. மூடி போட்டால் மெஷினின் அழகு கெட்டுவிடும் என்று யோசித்திருக்கிறான். சக்கரமே சுற்றாவிட்டால் மூடி எதற்கு? வெல்டரைக் கூப்பிட்டுச் சக்கரத்தை மெஷினோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டான். மேலே தங்கக் கலர் ஸ்ப்ரே. எங்கள் இரண்டு பேரிடமும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பையரை வரவேற்க வைத்த விழாவில் அண்ணனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். துணியை விலக்கினார்கள். மெஷின் கல்யாண மண்டப நாற்காலி மாதிரி மின்னியது. தையல் லைனிலிருந்து ஷஹீன் பானுவும் மற்றப் பெண்களும் கை வலிக்கத் தட்டினார்கள், நம்ம மெக்கானிக்குக்கு மரியாதை என்று. அவர் வழக்கம்போலச் சக்கரத்தில் கை வைத்தார். அது அசையவில்லை. குனிந்து பார்த்தார். வெல்டு வைத்த இடத்திலிருந்து ஒரு விரிசல் சக்கரத்தின் குறுக்கே ஓடியிருந்தது. அதற்குள் ஜி.எம். சால்வையைப் போர்த்தினார்.

"தேங்க்யூ சார்" என்றார் நத்தானியேல் அண்ணன்.

விழா முடிந்ததும் கோபியின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினேன். "அறிவு இருக்குதா உனக்கு? ஆறு வருஷம்டா அது."

"ஆடிட்ல ஒரு தப்புன்னு பாயிண்ட் வுழுந்தா என் வேலை போய்டும்ணா. நீங்க வந்து காப்பாத்துவீங்களா?" என்றான்.

பையருக்கு அந்த மெஷின் ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த நாளே ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, மிச்ச நாலு மெஷினும் கம்பெனியின் மற்ற நாலு யூனிட் ரிசப்ஷனுக்கு ஒவ்வொன்றாகப் போகட்டும், கோடவுனும் காலியாகும், திங்கட்கிழமை வெல்டு வைத்ததும் வேன் வரும் என்றார். அவை கம்பெனிப் பொருள் இல்லையே என்று இழுத்தேன். "அங்க எத்தனை வருஷமா வெச்சிருக்கார், நாம வாடகை ஏதாவது கேட்டோமா?" என்றார். வாயைத் திறக்கக் கூடாத இடத்தில் திறந்தவன், திறக்க வேண்டிய இடத்தில் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெட்கக்கேடு.

அண்ணனிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "வெல்டரு எப்ப வர்றான்?" என்று மட்டும் கேட்டார்.

"திங்கட்கிழமை காலைல."

"அவன் வர வேணாம். நானே பண்ணிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைத்தான் செய்தார். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு தோல் துண்டை வைத்து நாலு விரல் நீளம் தைத்தார். நூலை அறுத்தார். பிறகு சக்கரத்துக்குப் பின்னால், வெளியே தெரியாமல், ஒரு இரும்புப் பட்டையை வைத்து போல்ட் முடுக்கினார். சுற்றிப் பார்த்தார், இன்னும் ஒரு முடுக்கு முடுக்கினார்.

"போல்ட்டுதானேண்ணா, அப்புறமா கழட்டிக்கலாம்" என்றேன்.

"அங்க வந்து எவன் மூர்த்தி கழட்டுவான்?"

திங்கட்கிழமை கோபி வந்து நாலு சக்கரத்தையும் இழுத்துப் பார்த்தான். எதுவும் அசையவில்லை. ஆடிட் ஃபைலுக்கு ஒரு படிவம் வேண்டும், மெக்கானிக் கையெழுத்தோடு. அந்தப் படிவத்தைக் கொண்டுபோய் நீட்டியது நான்தான். 'மெஷினின் நிலை' என்ற இடத்தில் நத்தானியேல் அண்ணன் நாலு தடவையும் 'இயங்காது' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.