எங்கள் லீட் போகாத கடற்கரை

ஜெர்சி சிட்டி அலுவலகத்தில் எங்கள் டீம் லீடின் மேசைத் தடுப்பில் ஒரு பழைய புகைப்படத்தின் நகல் குத்தியிருக்கும். தென் ஐரோப்பாவில் ஒரு கடற்கரை ஊர், பெரிய ஓட்டல், ஜன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடக்கும். நல்ல கோடையில் எடுத்த படம் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை.

அந்த ஓட்டலுக்கு நாங்கள் இணையதளம் செய்துகொண்டிருந்தோம். ஊரின் வரலாற்றுப் பக்கத்தை லீட் யாருக்கும் கொடுக்காமல் தானே எழுதினார். முன்பு அங்கே குளிர்காலம்தான் சீசனாம். நெஞ்சு நோய்க்கார வட ஐரோப்பியப் பணக்காரர்கள் வெயில் காய வருவார்கள். வெயில் ஏறியதும் ஓட்டலைப் பூட்டிவிடுவார்கள். உடம்பு கறுப்பது அழகென்று ஆன பிறகே கோடைக் கூட்டம் வந்தது. வலை உலர்ந்த மணலில் சாய்வு நாற்காலிகள் வந்தன, மீனவர்கள் மேட்டுக்கு ஏறிப்போனார்கள். நாகர்கோவில்காரரான லீட் இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் சொந்த ஊர்க் கதைபோலச் சொல்வார். “வந்தவன் சீசன் முடிஞ்சா கெளம்பிருவான். நாமதான் எந்த சீசனுக்கு வந்தோம்னே தெரியாம கெடக்கோம்.”

தளத்தின் திறப்பு விழாவுக்கு ஓட்டல்காரர்கள் அவரைத்தான் அழைத்தார்கள். அக்கா, அதாவது அவர் மனைவி, பெட்டிகூட வாங்கிவிட்டார். கம்பெனியின் விசா வக்கீல்தான் வேண்டாம் என்றார். லீடின் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. நாட்டுக்குள் இருக்கும்வரை பாதகமில்லை; வெளியே போனால் புது முத்திரை வாங்கித்தான் திரும்ப நுழைய முடியும். அது தாமதமானால் வேலை, வீடு, கிரீன் கார்டு வரிசை எல்லாம் தொங்கும். சில நாள் கழித்து ஒரு காலையில் என் இடத்துக்கு வந்தார். “ஒனக்கு ஸ்டாம்ப் புதுசுல்லா. நீ போயிட்டு வா.”

போனேன். அங்கிருந்து வீடியோவில் அழைத்தபோது எனக்கு வழி சொன்னவர் அவர்தான். இடப்பக்கம் திரும்பு, படி இருக்கும், அதுக்கு மேல மீன்காரங்க தெரு என்றார். படி இருந்தது. தெருவும் இருந்தது, எல்லாம் வாடகை அறைகள். திரையில் அவர் பக்கத்தில் எட்டிப் பார்த்த மகள், “யூ நோ எவ்ரிதிங் தேர், அப்பா. ஒய் டோண்ட் யூ ஜஸ்ட் கோ?” என்றாள்.

“போறதுக்கு ஒண்ணுமில்ல பாப்பா. வீடு வந்து சேரணுமே.”

லீட் இன்னும் வரிசையில்தான் இருக்கிறார். இப்போது என் முத்திரையும் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஊரில் இருக்கும் அம்மாவிடம், வந்தால் திரும்ப முடியாமல் போகலாம் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எப்போ வர்றே என்று கேட்கும்போதெல்லாம் லீவு கிடைக்கவில்லை என்கிறேன். லீவு நிறைய இருக்கிறது.