கரிசலுக்குப் பூசிய பவுடர்

என் படம் முதன்முறை திருப்பி அனுப்பப்பட்ட அன்று, கோவில்பட்டியில் எனது ஸ்டுடியோவின் பெயர்ப்பலகையில், ‘எம்.ஏ.’ என்பதற்கு அடுத்து, ‘டிப்ளமோ இன் போட்டோகிராஃபி’ என்ற வரி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. நான் தேறாமல் போகலாம் என்று எண்ணியதே இல்லை. ஆகவே அவ்வரியின்மேல் செய்தித்தாள் ஒட்ட வேண்டியதாயிற்று.

எதிர்க்கடை ஹார்டுவேர்ஸ் உரிமையாளர் தினமும் ஷட்டரைத் தூக்கியதும் கேட்பார்: “அண்ணாச்சி, தாளக் கிழிச்சிரலாமா, இல்ல இன்னொண்ணு ஒட்டணுமா?”

அந்த டிப்ளமோவுக்காக நான் சேர்ந்திருந்த ஆன்லைன் வகுப்பின் ஆசிரியை நிவேதா சென்னையைச் சேர்ந்தவர். என் ஸ்டுடியோவைவிட வயதில் இளையவர். ‘உங்கள் ஊர் மண்ணும் மனிதரும்’ என்பது இறுதிப் பயிற்சி. மூன்று வாய்ப்புகள் உண்டு. மூன்றாவதும் திரும்பினால் சான்றிதழ் கிடையாது.

புதூர்ப் பக்கம் பருத்திக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளை முகம் கழுவச் செய்து, பவுடர் பூசச் செய்து, நேராக நிறுத்தி எடுத்தேன். திரும்பியது. புடவையை மாற்றச் சொல்லி மீண்டும் எடுத்தேன். இம்முறை நிவேதா குரல்பதிவே அனுப்பினார்.

“சார், கரிசல்னு எழுதியிருக்கீங்க. மண்ணு சிமென்ட் தரை மாதிரி இருக்கே? அந்தம்மா முகமும் அப்படித்தான் இருக்கு. ஏன் இவ்வளவு வெளுப்பு?”

கரிசலில் பிறந்தவனுக்குக் கரிசலின் நிறத்தைச் சென்னையிலிருந்து கற்பிக்கத் தேவையில்லை என்று விரிவாகப் பதில் எழுதினேன். அவர் சுருக்கமாகச் சொன்னார்: “ஒரு பிடி மண்ண ஸ்கிரீன் பக்கத்துல வச்சுப் பாருங்க சார். நான் சொல்றது தப்புன்னா இப்பவே பாஸ் போட்டுடறேன்.”

வைத்துப் பார்த்தேன். கையில் இருந்தது கறுப்பு. திரையில் இருந்தது சாம்பல். வாதத்துக்கு இடமில்லை. கீபோர்டுக்குள் மண் புகுந்ததுதான் மிச்சம்.

காரணம் எளியது. கறுப்பு நிறைந்த காட்சியைக் கண்டால், வெளிச்சம் போதவில்லை என்று கேமராவின் மீட்டர் தானாகவே எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் ஒளியை, கூட்டிவிடும். அங்கே நாம் மைனஸில் வைத்துக் குறைக்க வேண்டும். நானோ, ஊராரை வெளுப்பாகக் காட்டியே பெயரெடுத்த ஸ்டுடியோ வழக்கப்படி, எப்போதும்போல் பிளஸில் வைத்திருந்தேன். மனிதருக்குச் செய்த மரியாதையை மண்ணுக்கும் செய்துவிட்டேன்.

மூன்றாம் முறை போனபோது பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தார். “திரும்பவும் வந்துட்டீயளா அண்ணாச்சி? இருங்க, மொகத்தக் கழுவிட்டு வாரேன்.”

“வேண்டாம்மா. நீ பாட்டுக்குக் களையெடு.”

“ஏட்டி, அண்ணாச்சிக்குப் பவுடர் தீந்துபோச்சாம்!” என்று அடுத்த நிரையிலிருந்து ஒரு குரல் வர, காடே சிரித்தது. அந்தச் சிரிப்பில் பேச்சியம்மாளும் சேர்ந்துகொண்டபோது, மைனஸில் வைத்து எடுத்தேன்.

கேமராவில் காட்டியதும் அவர் சொன்னார்: “போன தடவ நீங்க எடுத்துக் குடுத்தத எம் மவன் பாத்துட்டு, யாரும்மா இதுன்னு கேட்டான். இது நாந்தான்.”

நிவேதாவும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார்: “இப்ப மண்ணு மண்ணா இருக்கு சார். பாஸ்.”

தாளை நானே கிழித்தேன். அன்று மாலையே ஹார்டுவேர்ஸ்காரர் தம் இளைய மகளை அழைத்துவந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டுமாம்.

“டிப்ளமோ கணக்கெல்லாம் மண்ணுக்குச் சரி அண்ணாச்சி. பிள்ளைக்குப் பழைய கணக்குலயே போட்டுருங்க. கொஞ்சம் வெளுப்பா.”

“மூத்தவளுக்கு வெளுப்பாத்தான போட்டேன்? பொண்ணு பாக்க வந்தவிய என்ன சொன்னாவ?”

அவர் கூரையைப் பார்த்தார். மகள்தான் பதில் சொன்னாள்: “போட்டோவுல உள்ள பொண்ண வரச் சொல்லுங்கன்னாவ, மாமா.”

மைனஸில் வைத்தேன்.

இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு: திருத்தம் சொல்பவரின் வயதை விசாரிக்காதீர்கள், அவர் சுட்டும் பொருளை எடுத்துவந்து படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர்ப்பலகை எழுதுவதை மட்டும் முடிவு வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.